மேல்பாயில் ஓர் இடம்

லியோன், பிரான்ஸ்
18 நவம்பர் 1996

அன்புள்ள லுவா அக்காவுக்கு,

தங்கை மியென் எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ, அத்தான், பையன்கள் எல்லாரும் சுகந்தானே? குளிர் தொடங்கிவிட்டது, அம்மாவின் முழங்கால் வலி கூடியிருக்கும். போன மாதம் அனுப்பிய மருந்து வந்து சேர்ந்ததா?

முதியோர் இல்லத்தில் வேலை அப்படியேதான் போகிறது. வயதான பெண்களுக்குக் கரண்டியால் ஊட்டிவிடுவதுதான் பாதி வேலை. சிலர் வாயைத் திறக்கவே மாட்டார்கள், கெஞ்ச வேண்டும். மாலையில் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேனே, அங்கே இலக்கிய வகுப்பில் ஆசிரியை ஒரு கவிதை கொடுத்தார். பெண்களின் வாழ்க்கையைப் பற்றியது. கல்யாணம், பிள்ளைப்பேறு, கிணறு, அடுப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. நான் தூக்கக் கலக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் இந்த வரிகள் வந்தன:

எல்லார் தட்டிலும் போட்டுவிட்டாள்.
அவள் சாப்பிட்டதைப்
பானை மட்டும் பார்த்தது.

தூக்கம் போய்விட்டது அக்கா. தாத்தாவின் திதி நாள் கண்முன் வந்தது. பூஜைப் பீடத்துக்கு முன்னால் மேல்பாயில் ஆண்கள். வாசற்பக்கம் கீழ்ப்பாயில் பெண்களும் பிள்ளைகளும். எல்லாரும் எழுந்த பிறகு அம்மா அடுப்புக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பானையின் அடியில் ஒட்டிய சோற்றுக் காந்தலை மீன் சாற்றில் தொட்டுச் சாப்பிட்டாள். சின்ன வயதில் கதவிடுக்கு வழியாக நான் பார்த்தது அது.

இந்தக் கவிதையையும் உங்கள் வளர்ப்பையும் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார் ஆசிரியை. எழுதினேன். வகுப்பில் வாசிக்கச் சொன்னார். ஓர் இத்தாலியப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். பரிசும் கொடுத்தார்கள்.

ஒன்று கேட்கிறேன். அம்மா சாப்பிடுவதை நீ என்றைக்காவது நன்றாகப் பார்த்திருக்கிறாயா?

அம்மாவுக்கு என் வணக்கம். பையன்களுக்கு முத்தங்கள்.

உன் தங்கை
மியென்


அன் லாங், தாய் பின் மாகாணம், வியட்நாம்
22 டிசம்பர் 1996

மியெனுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதமும் மருந்தும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உனக்கு உடம்பு எப்படி? அந்த ஊர்க் குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. அத்தான் ஹனோயில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார், பிப்ரவரியில் நம் புத்தாண்டுக்குத்தான் வருவார்.

சாப்பிடுவதைப் பற்றியெல்லாமா கவிதை எழுதுகிறார்கள்? நல்லவேளை, படிப்பு உனக்கு வாய்த்தது, எனக்கு வாய்க்கவில்லை. கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். "என்னத்த எழுதினாளாம்?" என்று கேட்டாள். "உன்னைப் பத்தித்தான்" என்றேன். "என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு? பிரான்ஸ்ல கதைக்கா பஞ்சம்?" என்று அலுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

நீ கேட்டதற்குப் பதில். பார்க்காமல் என்ன? திதியன்று கீழ்ப்பாயும் எழுந்த பிறகு, சமைத்தவர்கள் எல்லாரும் அடுப்படியில் உட்காருவோம். கதவைச் சாத்திவிடுவோம். அம்மா காந்தலை உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பாள். அப்பா போன பிறகு குடும்பத் தலைவர் தோவான் சித்தப்பாதானே, அவர் இப்போது வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு ஒரு நடை நடக்கிறார். அம்மா அதை நடந்து காட்டுவாள். போன திதிக்குப் பெரிய அத்தை சிரித்த சிரிப்பில் சூப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. நீ கதவிடுக்கில் பார்த்தபோது நாங்களெல்லாம் எங்கே போயிருந்தோமோ, தெரியவில்லை. குளத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்போம்.

எழுதியதை நம் மொழியில் எழுதி அனுப்பு. அம்மா தினமும் தபால்காரனைக் கேட்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
லுவா


லியோன்
24 ஜனவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உனக்கும் அம்மாவுக்கும் நீண்ட ஆயுள், பையன்களுக்குப் படிப்பு, வயலுக்குத் தண்ணீர். இங்கே பனி கொட்டுகிறது. அறையில் தனியாக ஒட்டரிசிப் பலகாரம் செய்து பார்த்தேன், இலை கிடைக்காமல் தகரக் காகிதத்தில் சுற்றினேன். நீ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். உனக்குக் கையுறை. அத்தான் வந்துவிட்டாரா? பன்றி குட்டி போட்டதா? பெரியவன் கணக்கில் தேறினானா?

கட்டுரையை நம் மொழியில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. பிரெஞ்சில் எழுதும்போது கூச்சமே இல்லாமல் வந்த வாக்கியங்கள் நம் மொழியில் கூசுகின்றன. அது வகுப்புக்காக எழுதியது. பெரிதாக ஒன்றும் இல்லை, விட்டுவிடு.

பழைய ஆட்களெல்லாம் எப்படி இருக்கிறார்கள்? தாவோ அக்கா இன்னும் ஊர் மகளிர் சங்கத்தில்தான் இருக்கிறாளா? ஹனோயிலிருந்து வருகிற மாதப் பத்திரிகைகளெல்லாம் சங்கத்துக்கு வருமா? சும்மாதான் கேட்டேன்.

அம்மாவின் கைகளை என் கைகளாக நினைத்துப் பிடித்துக்கொள்.

மியென்


அன் லாங்
12 மார்ச் 1997

மியெனுக்கு,

நாங்கள் நலம். சால்வை வந்தது. அம்மா அதைப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

நீ கேட்டாயே, தாவோ சங்கத்தில்தான் இருக்கிறாள். ஹனோய்ப் பத்திரிகையும் வருகிறது. மார்ச் எட்டாம் தேதி மகளிர் தினத்துக்கு அதில் உன் கட்டுரை வந்திருந்தது, மொழிபெயர்த்து. உன் பெயர், நம் ஊர்ப் பெயர், எல்லாம் போட்டு. தாவோவுக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஊர்ப் பெண்ணின் எழுத்து ஹனோய் வரை போயிருக்கிறதே! உர மூட்டைக்கு வரிசையில் நில்லுங்கள், நாய்களைக் கட்டிப்போடுங்கள் என்று வாசிக்கிற அதே ஊர் ஒலிபெருக்கியில், காலை வேளையில், உன்னை வாசித்தாள். நல்ல குரல் அவளுக்கு. நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

நானும் அம்மாவும் வயலில் களை பறித்துக்கொண்டிருந்தோம். சுற்றிலும் ஊர்ப் பெண்கள். "கேளுங்க, கேளுங்க, உங்க மக!" என்று பக்கத்து வரப்பிலிருந்து கத்தினார்கள். அம்மா நிமிர்ந்து நின்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள். கொஞ்ச நேரந்தான். 'என் தாய் இந்த வீட்டில் முப்பது வருடம் மிச்சத்தைத் தின்றாள்' என்று வந்தபோது சிரிப்பு நின்றது. 'நாய்க்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் சோறு' என்று வந்தபோது மறுபடி குனிந்து களை பறிக்கத் தொடங்கினாள். சுற்றி இருந்தவர்களும் குனிந்துகொண்டார்கள். ஒலிபெருக்கியும் அவள் களையை அலசுகிற தண்ணீர்ச் சத்தமுந்தான்.

வீட்டுக்கு வந்து, "நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றாள்.

நானும் முழுதாகக் கேட்டேன். ஒரு வரி விடாமல் கேட்டேன்.

முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ.

லுவா


லியோன்
2 ஏப்ரல் 1997

அக்கா,

நேற்று உன் கடிதம் கிடைத்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்?

ஹனோயில் என்னோடு படித்த தோழி அந்தப் பத்திரிகையில் வேலை செய்கிறாள். கட்டுரையைக் கேட்டாள், கொடுத்தேன். பெயரை மாற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அச்சில் என் பெயரைப் பார்க்க ஆசையாக இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் ஒலிபெருக்கியை நினைத்துப் பார்க்கவில்லை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒலிபெருக்கி மறந்துபோயிருக்கிறது பார்!

அந்த நாய் வரி... அப்படி ஒரு நாள் நடந்ததுதான். ஆனால் ஒரு நாள் நடந்ததை முப்பது வருடம் நடந்ததுபோல் எழுதிவிட்டேன். அம்மாவை அவமானப்படுத்தவா எழுதினேன்? அவள்மேல் உள்ள பாசத்தில் எழுதினேன் அக்கா. அவளிடம் சொல்.

தாத்தாவின் திதி முடிந்திருக்குமே. சித்தப்பா கோபமாக இருக்கிறாரா? உடனே பதில் போடு.

மியென்


லியோன்
20 மே 1997

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. கடிதம் வழியில் தொலைந்ததா? எல்லாரும் சுகமா என்று ஒரு வரி எழுதினாலும் போதும்.

இங்கே மரங்களெல்லாம் துளிர்த்துவிட்டன. எனக்கு ஒரு குறையும் இல்லை.

மியென்


அன் லாங்
15 ஜூன் 1997

மியெனுக்கு,

நலம். அறுவடை வேலையில் எழுத முடியவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பன்றி ஆறு குட்டி போட்டது, ஐந்து பிழைத்தன. பெரியவன் கணக்கில் தேறிவிட்டான்.

தாத்தாவின் திதி நடந்தது. சித்தப்பா இந்த முறை அம்மாவுக்கு மேல்பாயில் இடம் போட்டார்.

அம்மா நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

லுவா


லியோன்
10 ஜூலை 1997

அன்பு அன்பு அக்கா,

உன் கடிதத்தைப் பேருந்திலேயே பிரித்தேன். மேல்பாயிலா! நம் அம்மாவா! பக்கத்தில் இருந்தவர் என்ன ஆயிற்று என்று கேட்கிற அளவுக்குச் சத்தம் போட்டுவிட்டேன்.

இத்தனை நாள் குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருந்தேன். இப்போதுதான் மூச்சு வருகிறது. அந்த வீட்டில் எந்தப் பெண்ணாவது மேல்பாயில் உட்கார்ந்திருக்கிறாளா? சித்தப்பாவுக்கே உறைத்திருக்கிறது பார். என்னதான் முறைப்பாக நடந்தாலும் மனிதர் மனிதர்தான். வகுப்பில் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். எழுத்து என்ன செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா என்றார் ஆசிரியை.

அம்மா என்ன உடுத்தியிருந்தாள்? என்ன சாப்பிட்டாள்? எனக்கு எல்லாம் வேண்டும், ஒன்று விடாமல் எழுது. அந்தச் சால்வையைப் போர்த்தியிருந்தாளா?

மகிழ்ச்சியோடு,
மியென்


அன் லாங்
8 ஆகஸ்ட் 1997

மியென்,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "நல்லா இருக்காளாம், எழுதியிருக்கா" என்று சொல்லி மடித்துவிட்டேன்.

எல்லாம் வேண்டும் என்றாயே, எழுதுகிறேன். கைதட்டினவர்களுக்கும் வாசித்துக் காட்டு.

ஊதுவத்தி ஏற்றி முடிந்ததும் சித்தப்பா பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு குரல் கொடுத்தார்: "அண்ணி, இங்க வாங்க. இனிமே உங்க இடம் இதுதான்." அம்மா அடுப்படியிலிருந்து, "சூப்பு கொதிக்குது தம்பி, நீங்க உக்காருங்க" என்றாள். "சூப்ப யாராவது பாத்துக்குவாங்க. நீங்க வரலன்னா எங்களுக்குத்தான் கெட்ட பேரு. அண்ணியப் பட்டினி போட்டோம்னு உங்க மக மறுபடி பிரான்ஸ்ல எழுதிடுவா." ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனாள். இடுப்பில் சமையல் துணி கட்டியிருந்தது. உன் சால்வை பெட்டியில் இருந்தது.

பாயின் விளிம்பில் முழங்காலை மடித்து உட்கார்ந்தாள். சித்தப்பா கோழித் தொடையை எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் ஈரலை வைத்தார். அதற்கடுத்தவர் பன்றிக்கறி. ஒருவர் விடாமல் வைத்தார்கள். பெரியவர்கள் கிண்ணத்தில் எடுத்து வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று நமக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உனக்கு மறந்திருக்காது. "சாப்பிடுங்க அண்ணி, நாங்க பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார் சித்தப்பா. யாரும் தன் சாப்பாட்டுக் குச்சிகளைத் தொடவில்லை. அத்தனை ஆண்களும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள். கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டாள். முழங்கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை, நான் போய்த் தூக்கினேன். பன்றித் தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன், எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள்.

அதோடு போகவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. "உங்களுக்குத்தான் மேல ஆயிடுச்சே அக்கா" என்றாள் சித்தி. நாய்க்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் சோறு போட்டது யார்? அவளோடு சமைத்தவர்கள்தானே! ஊர் உன் கட்டுரையை அப்படித்தானே புரிந்துகொண்டது! காந்தலை அன்றைக்கு யாரும் உடைக்கவில்லை. நாய்தான் தின்றது.

அன்றிலிருந்து அம்மா யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. என் முன்னாலும் இல்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விடுகிறாள். சாப்பிடுகிறாளா, கோழிக்குப் போடுகிறாளா என்று தெரியவில்லை. கால்சட்டைக் கயிற்றை இறுக்கி இறுக்கிக் கட்டுகிறாள். வேறு வீட்டு விசேஷங்களுக்கும் போவதில்லை. நவம்பர் வாக்கில் அப்பாவின் திதி வருகிறது. அண்ணிக்கு மேல்பாய் நிரந்தரம் என்று சித்தப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுகிறாள். இன்னொரு தடவை தாங்கமாட்டாள் மியென்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 'இந்த வீட்டின் ஒரே மகள் நான்' என்று ஒலிபெருக்கியில் வந்தது. தாவோதான் தப்பாக வாசித்துவிட்டாள் என்று நினைத்தேன். சங்கத்துக்குப் போய்ப் பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். அவள் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். சந்தையில் மீன்காரி, "ஏ லுவா, அப்போ நீ அந்த வீட்டுல பொறக்கலியா? குளத்தோரமா கண்டெடுத்தாங்களா?" என்று கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

லுவா


லியோன்
1 செப்டம்பர் 1997

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

இல்லத்தில் இன்று ஒரு கிழவிக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கரண்டியை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். என் கையால் யார் யாரோ சாப்பிடுகிறார்கள். என் கையால் அம்மா சாப்பாட்டை விட்டாள்.

ஒரே மகள் என்று ஏன் எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. முதலில் எழுதியதில் நீ இருந்தாய். கவிதையில் ஒருத்திதான் இருக்கிறாள், கட்டுரையிலும் ஒருத்தி இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உன்னை எழுதினால், ஒரே அடுப்படியில் வளர்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி எப்படிப் பிரான்ஸுக்கு வந்தாள் என்றும் எழுத வேண்டும். இரண்டு பேரையும் படிக்கவைக்க முடியாது என்று அப்பா சொன்ன அன்று நீ உன் புத்தகங்களை என் பக்கம் தள்ளிவிட்டு நாற்று நடப் போனதை எழுத வேண்டும். அதை எழுதினால் மிச்சத்தைக் கொடுத்தவர்கள் பட்டியலில் சித்தப்பாவுக்கு முன்னால் நான் வருவேன். அதனால் உன்னை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

மன்னிப்பு என்று எழுதி அனுப்பினால் தாவோ அக்கா அதையும் ஒலிபெருக்கியில் வாசித்துவிடுவாள். அதனால் நான் வருகிறேன். அப்பாவின் திதிக்கு வந்துவிடுவேன். அப்பாவின் சாவுக்கே வராதவள் இதற்கு வருகிறாள் என்று ஊர் பேசும், பேசட்டும். என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அம்மாவை மட்டும் அந்தப் பாயில் உட்காரவிட மாட்டேன்.

மியென்


லியோன்
4 டிசம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வழியில் காய்ச்சல் வந்தது, இப்போது இல்லை. நீ கட்டிக் கொடுத்த எள்ளுருண்டையில் பாதியை விமானத்திலேயே தின்றுவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? நீ எப்படி இருக்கிறாய்?

ஊரில் இருந்த நாட்களில் நாம் உட்கார்ந்து பேசவே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் பேசலாம் என்று வைத்திருந்தேன். நீ என் பையைத் தூக்கி உள்ளே எறிந்துவிட்டு, "போய்ச் சேந்ததும் எழுது" என்றாய். அதனால் எழுதுகிறேன். திதியன்று நீ அடுப்படியில் இருந்தாய், மேல்பாயில் நடந்தது உனக்குத் தெரியாது.

முதலில் நான் அடுப்படிக்குத்தான் வந்தேன், உனக்கு நினைவிருக்கும். உங்களோடு உட்கார்ந்து, உங்களோடு சாப்பிட வேண்டும், அதுதான் என் திட்டமெல்லாம். நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. பூண்டு உரிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கத்திச் சத்தந்தான். "இந்தப் புகையில ஏன் உக்காந்திருக்க? உன் கண்ணு தாங்காது, வெளிய போம்மா" என்று பெரிய அத்தை நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். அம்மா நிமிரவில்லை. நீயும் நிமிரவில்லை. பூண்டு முடியும் வரை இருந்துவிட்டு வெளியே வந்தேன்.

அப்புறந்தான் சித்தப்பா கூப்பிட்டார், "அண்ணி, உங்க இடம் காத்துக்கிட்டிருக்கு" என்று. அம்மா அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போது எந்த யோசனையும் இல்லை அக்கா. போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். "சித்தப்பா, தூரத்துலேருந்து வந்த விருந்தாளி நான். மேல்பாயில என்னத்தானே உக்காரவைக்கணும்? இந்த இடம் எனக்கு" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. விருந்தாளியை எழுப்பவும் முடியாதே. "சரி, உக்காரு. நல்லாப் பாத்துக்க, திரும்பிப் போயி எழுதணும்ல" என்றார். திரும்பிப் பார்த்தேன், வாசலில் அம்மா இல்லை.

வயதில் சின்னவள் என்பதால் நான்தான் எல்லாரையும் சாப்பிட அழைக்க வேண்டியிருந்தது. பெரிய மாமா சாப்பிடுங்க, சின்ன மாமா சாப்பிடுங்க, சித்தப்பா சாப்பிடுங்க என்று பாயைச் சுற்றி ஒவ்வொருவரையும் அழைத்தேன். என் கிண்ணத்திலும் தொடை வந்தது, ஈரல் வந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எப்படி விழுங்கினாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆண்கள் அரிசிச் சாராயத்துக்குப் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எங்கே போவது? கீழ்ப்பாயையும் சுருட்டிவிட்டார்கள். அப்போது அடுப்படிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ ஏதோ சொன்னார்கள், தாழ்ந்த குரலில். உடனே எல்லாரும் சேர்ந்து சிரித்தீர்கள். அம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. காதைச் சுவரில் வைத்துக்கூடப் பார்த்தேன், வார்த்தை பிடிபடவில்லை.

ஆசிரியை இந்தப் பயணத்தைப் பற்றி எழுதச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்னும் முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, அன்றைக்கு என்ன சொல்லிச் சிரித்தீர்கள்? அதை மட்டும் எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

மியென்


அன் லாங்
6 ஜனவரி 1998

மியெனுக்கு,

கடிதம் கிடைத்தது. காய்ச்சலுக்கு என்ன மருந்து சாப்பிட்டாய்? இஞ்சித் தண்ணீர் குடி. இங்கே எல்லாரும் நலம். அத்தான் புத்தாண்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நாற்றங்காலில் பனி விழாமல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருக்கிறோம்.

அம்மா சாப்பிடுகிறாள். என் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நேற்று இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினாள். கயிற்றைத் தளர்த்திக் கட்டியிருக்கிறாள். நீ வந்ததால்தான் இது. அதை நான் எழுதாமல் விட்டால் அது என் தப்பு.

சித்தப்பா இனி மேல்பாயில் பெண்களைக் கூப்பிடுவதாக இல்லை. அடுத்த முறை நீ வந்தால் உனக்கு மட்டும் இடம் உண்டு என்கிறார். ஊரிலும் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்த விருந்தாளிப் பொண்ணா?" என்றுதான் கேட்கிறார்கள். பெரிய அத்தை உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

என்ன சொல்லிச் சிரித்தோம் என்று கேட்டிருக்கிறாய். கேட்டாயே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி வரி எழுதியும்விட்டேன். அம்மா பின்னால் வந்து நின்று என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். என் கையிலிருந்து பேனாவை வாங்கிவிட்டாள்.

"அத மட்டும் அவகிட்ட சொல்லாதடி. எழுதிடுவா."

அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டு இதை வேறு தாளில் எழுதுகிறேன். குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதே.

லுவா